முருகனுக்குப் போன வயர்

இன்று பின்னேரம் நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்குச் செல்வராஜின் வேனில் வந்தேன். நல்ல மூடுபனி.

டேஷ்போர்டில் ஒரு முருகன் படம். அதற்குள் இருக்கும் சின்ன பல்ப் திடீரென்று எரிந்தது.

"சாமி கண்ணத் தொறந்துட்டாருங்க!" என்றார் பின்சீட்டு அம்மா. வேன் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும்தான்.

அடுத்த வளைவில் ஒரு பஸ் நேரே எங்கள் மேல் வந்தது. செல்வராஜ் தேயிலைப் பக்கம் ஒடித்ததால் பிழைத்தோம்.

பஸ் டிரைவர் இறங்கி வந்து கத்தினார். "ஒத்த லைட்டோட வர்றீங்களே! மோட்டார் சைக்கிள்னுல்ல நெனச்சேன்!"

போய்ப் பார்த்தால், வேனின் வலது லைட் எரியவில்லை.

"எப்ப இருந்து இப்படி?" என்றேன்.

"புது லைட் போட்டு வயரிங் மாத்துனதுல இருந்து லூஸ், சேர். அப்பப்ப போவும்," என்றார் செல்வராஜ், ஒன்றுமே நடக்காதது போல. "லைட் போனா டேஷ்போர்டுல ஒரு செவப்பு பல்ப் எரியும். ஏறுறவங்கல்லாம் பயந்துபோயி என்னா ஏதுன்னு கேக்குறாங்க. அதான் அந்த வயர கழட்டி முருகனுக்குக் குடுத்துட்டேன்."

"பாத்தீங்களா, முருகன்தான் காப்பாத்துனாரு," என்றார் அந்த அம்மா.

லைட் போய்விட்டது என்று முருகன் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

உங்கள் வேனில் எந்தச் சாமிக்கு எந்த வயர் போகிறது? கேட்டுச் சொல்லுங்கள். அதில் நான் ஏறாமல் இருக்கிறேன்.