இடமில்லாமல் நின்றுபோன கடிதம்

மந்தைவெளியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது அலுவலகத்து முருகன் கைப்பேசியில் அழைத்தார். "மேடம், நம்ம செலின் அக்கா காலையில தவறிட்டாங்க" என்றார். கையிலிருந்த கீரைக்கட்டைத் திரும்பக் கூடையிலேயே வைத்துவிட்டு நின்றேன். "இன்னாம்மா ஆச்சு?" என்று கீரைக்காரம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.

எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு வந்துபோன உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். கணினிகளைப் பார்த்துக்கொண்டவர், சிந்தாதிரிப்பேட்டைக்காரர். எதுவாக இருந்தாலும் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டால்தான் செய்வார். பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டே "டீ வேணுமா?" என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்புவார். பதில் எழுதாவிட்டால் டீ வராது. இது என்ன கூத்து என்று முதலில் எரிச்சல்பட்டேன்; பிறகு நானும் எழுதப் பழகிவிட்டேன்.

எதையும் அழிக்காத ஆள் நான். பல வருட அஞ்சல்கள் சேர்ந்து மடிக்கணினியில் இடம் தீர்ந்தபோது, அக்காதான் அவற்றையெல்லாம் வெளியே மாட்டும் ஒரு ஹார்டு டிஸ்குக்கு மாற்றிக் கொடுத்தார். மறுநாள் திறந்தால் ஓர் அஞ்சல்கூட இல்லை! அலுவலகமே அதிரக் கத்தினேன். "என் பிழைப்பையே கெடுத்துட்டீங்க" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அக்கா என் கைப்பையைத் திறந்து, டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்த டிஸ்கை எடுத்தார்.

"இத்த மாட்டாம மெயிலு எங்கருந்து வரும்? நல்லா கத்திக்கினு கீற!"

மாட்டியதும் எல்லாம் வந்துவிட்டன. மன்னிப்புக் கேட்டேன். "அத்த மெயில்ல போடு" என்றார். போட்டேன்.

தினமும் அதை மாட்டச் சோம்பல்பட்டு, புதிய அஞ்சல்களை மடிக்கணினியிலேயே சேர விட்டேன். மறுபடியும் நிரம்பத் தொடங்கியது. "எடம் கம்மியா கீது கௌரி. ரொம்பிடுச்சின்னா புது மெயிலு உள்ளயே வராது. பழச மாத்திடு" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். பேச முடியாததால் கையைக் காட்டி என்னை வேலைக்கு விரட்டினார். தேவையென்றால் அக்கா மெயில் போடுவார் என்று இருந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து ஒரு பெரிய புத்தகத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையது பட்டன் போன், மெயிலுக்கு மடிக்கணினிதான். "இடம் இல்லை" என்று அதில் வந்த அறிவிப்பைத் தினமும் மூடினேன். ஒரு மெயிலும் வரவில்லை. யாரும் தொந்தரவு செய்யவில்லை என்று நிம்மதியாக வேறு இருந்தேன், பாவி.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் டிஸ்கை மாட்டினேன். அவர் சொல்லிக் கொடுத்திருந்த மாதிரியே பழைய அஞ்சல்களை நகலெடுத்து, திறந்து சரிபார்த்து, அதன் பிறகே மடிக்கணினியிலிருந்து நீக்கினேன். இடம் கிடைத்ததும், நின்றுபோயிருந்த அஞ்சல்கள் மளமளவென்று வந்து விழுந்தன. நடுவில் அக்காவின் பெயர் இருந்தது.

"கௌரி, பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரே போரா கீது. வியாழக்கிழமை வாயேன். நீ கத்தறத கேட்டு ரொம்ப நாளாச்சி."

அந்த வியாழக்கிழமை முழுவதும் நான் வீட்டில்தான் இருந்தேன். மறுநாள் அவர் இன்னொன்று அனுப்பியிருந்தார். அதில் இரண்டே சொற்கள்.

"டீ வேணுமா?"

வாய்விட்டு அழுதேன். என் சோம்பலை என்னால் மன்னிக்க முடியவில்லை. அக்கா மன்னித்திருப்பார் என்று நீங்கள் ஆறுதல் சொன்னாலும் மனம் ஆறாது.

அவருடைய மற்ற அஞ்சல்களெல்லாம் டிஸ்கில் பத்திரமாக இருக்கின்றன. இந்த இரண்டை மட்டும் மாற்றவில்லை. எதையும் மாட்டாமலே திறந்து பார்க்கும்படி மடிக்கணினியிலேயே வைத்திருக்கிறேன். அன்றைக்கே, "வேணும் அக்கா" என்று பதில் எழுதி அனுப்பினேன்.