ரவிக்குமார் வாங்கிய மைசூர்பாகு

தோட்டக் கூலி சின்னானின் மகன் ரவிக்குமாருக்குப் பீளமேட்டுப் பம்ப் கம்பெனியில் ஆறு வருஷமாக ஒரே வேலை. எந்தப் பம்ப் எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தூக்குகிறது என்று அளந்து, கட்டத்தாளில் புள்ளி வைத்து வளைகோடு இழுப்பான். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் முதலாளி அரங்கசாமி பம்ப்பை வெளியே விடுவார்.

தொண்ணூற்றேழில் கோட்டைமேட்டு ஃபஹீமா வந்து சேர்ந்தாள். இவன் அரை நாள் இழுக்கும் கோட்டை, கணக்குப் போடும் சாஃப்ட்வேரில் எண்களைத் தட்டி அரை நிமிஷத்தில் வரவழைத்தாள்.

"அம்மணி என்ன வெரசு பாருங்க!" என்றார் முதலாளி. அன்றைக்கு எரிய ஆரம்பித்த வயிறு ரவிக்குமாருக்கு அணையவே இல்லை.

அவளை மிஞ்சியே தீருவது என்று காந்திபுரத்தில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தான். பம்ப் பேரைத் தட்டினால் போதும், அந்த சாஃப்ட்வேரைத் தானே கூப்பிட்டுக் கோடு போட வைக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினான். ஒரு வியாழக்கிழமை அது தப்பில்லாமல் கம்பைல் ஆனது; எழுத்தில் பிழையில்லை என்று கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. வேலை முடிந்ததென்று ஓடிப்போய் இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கினான்.

"நாளைக்குத் தாராபுரத்து வியாபாரிங்க வாரப்ப நானே ஓட்டிக் காட்டறனுங்க" என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டான். புதுப் பம்ப்பைச் செய்தவர் கைதான் முதலில் சுவிட்சைத் தொட வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

அப்புறம்தான் ஓட்டிப் பார்த்தான். சாஃப்ட்வேரைக் காணவில்லை என்றது திரை. பத்துத் தடவை ஓட்டியும் அதே வரி. பக்கத்து மேஜையில் ஃபஹீமா. கேட்க நாக்கு எழவில்லை. கேட்காவிட்டால் நாளைக்கு மானம் போகும்.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாக்கறீங்களா?"

"கம்பைல் ஆனதுக்கே மைசூர்பாகுங்களாண்ணா?" என்று சிரித்தாள் அவள். "குழாயெல்லாம் பூட்டிப்போட்டீங்க, கெணத்துக்குள்ள எறக்கலீங்களே! சாஃப்ட்வேர் எந்த எடத்துல, எந்த டைரக்டரியில இருக்குதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லவே இல்லீங்க."

ஒரே ஒரு வரி சேர்த்தாள். கோடு வந்தது, அவன் கையால் இழுத்த மாதிரியே.

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேனுங்க."

அதுதான் அவனை இன்னும் சுட்டது. கெட்டிக்காரத்தனம் போதாதென்று நல்ல மனசும் இவளுக்கேதானா?

மறுநாள் வியாபாரிகள் சுற்றி நின்றார்கள். "தட்டு ரவி" என்றார் முதலாளி. இவள் போட்ட பிச்சையில் பேர் வாங்குவதா என்று விரல் நின்றது.

"எழுதுனது நானுங்க. ஓட வெச்சது அந்தம்மணிங்க. பம்ப் பேரை அவுங்க தட்டட்டும்..." கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினான். "கடைசிப் பட்டனை நாந்தான் அமுத்துவனுங்க."

கோடு வந்தது. கைதட்டினார்கள். முதலாளி மைசூர்பாகு டப்பாவைத் திறந்து முதல் துண்டை ஃபஹீமாவுக்குக் கொடுத்தார்.

வாங்கி வந்தவன் பார்த்துக்கொண்டே நின்றான்.