கோமதியும் அவளுடைய நிலாப் பூச்சிகளும்

காந்தி மார்க்கெட்டில் கருணைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது கோமதியின் கணவர் போன் செய்தார். "கோமதி போயிட்டாம்மா. நெஞ்சு வலின்னா, அவ்வளவுதான்." புழுக்களுக்கு இன்று யார் இலை போடுவது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

தபால் நிலையத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளுடைய பூச்சிப் பைத்தியம் தெரியும். ஓய்வு பெற்றபின், முறைப்படி அனுமதி வாங்கி, ஆப்பிரிக்க நிலாப் பட்டுப்பூச்சியின் முட்டைகளை வரவழைத்தாள். ஸ்ரீரங்கத்து வீட்டின் பின்னறையில், வலைப்பெட்டிகளில் வளர்த்தாள். எதை எதையோ போட்டுப் பார்த்தாள். புழுக்கள் ஒதிய மரத்து இலையைத்தான் தின்றன. "ஒதி பெருத்தா உத்தரம் ஆகுமாடி?" என்று சீண்டினேன். "உத்தரம் ஆகாட்டி போகுது, பட்டு ஆகுதே" என்றாள்.

இலைக்காக ஜீயபுரத்துக்கு பஸ் ஏறுவாள். ஒருமுறை நானும் போனேன். வாழைத்தோட்ட வேலியில் நின்ற ஒதிய மரத்தில் ஒடித்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, தோட்டக்காரர் "ஆட்டுக்காங்க?" என்றார். "ஆமாங்க, முப்பது குட்டி" என்றாள், முகம் மாறாமல். திரும்பும்போது சொன்னாள்: "பறக்க ஆரம்பிச்சா இதுக்கு வாயே கிடையாதுடி. புழுவா இருக்கறப்ப நாம போடற இலைதான் மொத்த ஆயுசுக்கும். எனக்கு ஏதாவதுன்னா நீதான் பாத்துக்கணும்." சரி என்றேன்.

துக்க வீட்டில் நுழைந்ததுமே பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விடக் கை பரபரத்தது. பிணம் கிடக்கும் வீட்டிலிருந்து ஒரு பொருளை எப்படித் தூக்குவது? உட்கார்ந்திருந்தேன். உடலைக் கொள்ளிடக்கரைக்கு எடுத்துப்போனதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். கோமதியின் நாத்தனார் பினாயில் வாளியோடு பின்னறைக்குப் போனார். "அந்த ரூம் மட்டும் வேண்டாங்க" என்றேன்.

"தீட்டு வீட்ல ஒரு மூலைய விட்டுட்டுக் கழுவலாமாம்மா?" என்றார், அழுது சிவந்த கண்களோடு. கழுவியபின் சாம்பிராணி போட்டுக் கதவையும் சாத்தினார். பினாயில் நெடியும் புகையும் புழுக்களைக் கொன்றுவிடும் என்று, பாவம், அவருக்கு என்ன தெரியும்? தெரிந்த நான்தான் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன்.

மாலையில் பெட்டிகளை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புழுக்கள் அத்தனையும் சுருண்டு கிடந்தன. ஏற்கெனவே கூடு கட்டியிருந்த ஒன்று மட்டும் தப்பி, ஐந்தாம் நாள் பெண்பூச்சியாக வெளியே வந்தது. இளம்பச்சை நிறம், நீண்ட வால். துணைக்கு ஆண்பூச்சியை நான் எங்கே போய்த் தேடுவேன்? ஒரு வாரம் காத்திருந்தது, முட்டையிட்டது, செத்துப்போனது.

காரியத்தன்று அவள் கணவர் கேட்டார்: "பூச்சியெல்லாம் நல்லா இருக்குங்களா? போன அன்னிக்கும் அதைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தா."

"நல்லா இருக்குங்க" என்றேன்.

நம் தபால்துறை ஓய்வூதியர்களுக்கான இந்த இதழ் அவர் கைக்கும் போகும். நேரில் சொல்லத் தைரியமில்லாமல்தான் இங்கே எழுதுகிறேன். கோமதியுடையது என்று என்னிடம் இருப்பது ஒரு தீப்பெட்டியில் கொஞ்சம் முட்டைகள். துணை சேராமல் இட்ட முட்டை பொரியாது. தூக்கிப்போடவும் முடியவில்லை.