சத்தம் வராத படிப்பு

எங்கள் வீட்டில் படிப்பு என்றால் சத்தம் கேட்க வேண்டும். மலேசியாவில், பெடாஸ் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டத்தில் பலகைச் சுவர் வைத்த வீடு. தமிழ்ப்பள்ளிக் காலத்திலிருந்தே வாய்விட்டுத்தான் படிப்பேன். "புள்ள நல்லா படிக்குதுலா" என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னால் அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

சிரம்பானில் காலேஜ் சேர்ந்த பிறகும் அதே பழக்கம்தான். முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸ் பாடத்தில், விடையோடு போட்டிருந்த கணக்குகளை வரிவரியாகச் சத்தம் போட்டுப் படித்தேன். படிக்கப் படிக்க எல்லாம் புரிந்த மாதிரியே இருந்தது. பரீட்சையில் சரிவான பலகைமேல் ஒரு பெட்டியைக் கொடுத்ததும் மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. பெயில். மறு தேர்விலும் பெயிலானால் காலேஜைவிட்டு நிறுத்திவிடுவார்கள். சிரம்பான் பக்கத்து ராசாவில் ஒரு துணிக்கடைக்கு ஆள் வேண்டுமாம் என்று அப்பா அப்போதே விசாரித்து வைத்துவிட்டார்.

அதனால் படிக்கிற விதத்தை மாற்றினேன். விடையைத் தாள் வைத்து மூட வேண்டும். பெட்டியை மட்டும் தனியாக வரைய வேண்டும். எது அதை இழுக்கிறது, எது தள்ளுகிறது, எது தாங்குகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு. அதன் பிறகுதான் சமன்பாடு. சொல்வதற்கென்ன, சுலபம். பலகை பெட்டியைத் தாங்கும் விசையை நான் திரும்பத் திரும்ப நேர் மேலே வரைந்து தொலைத்தேன். அது பலகைக்குச் செங்குத்தாக, சாய்ந்து இருக்க வேண்டும். ஏன் என்று யோசித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருப்பதில்தான் பாதி நேரம் போனது. நாற்காலியை எட்டி உதைக்கலாம் போல இருக்கும்.

அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிடுவார். "சும்மாதானே உக்காந்திருக்க, துணிய எடு." எடுத்துவிட்டு வந்து பென்சிலைத் தொட்டால், "கடைக்கு ஓடி வெங்காயம் வாங்கிட்டு வா." திரும்பி வந்தால் யோசனை அறுந்துபோயிருக்கும். "படிச்சிக்கிட்டு இருக்கேன்மா" என்றால், "எங்க, சத்தமே காணோம்" என்பார். ஒருநாள் எரிச்சலில் போனில் ஒரு பாட வீடியோவைச் சத்தமாக ஓடவிட்டேன். அம்மா கூப்பிடவில்லை. ஆனால் அந்த ஆள் பேசிய பேச்சில் எனக்குக் கணக்கு ஓடவில்லை. மறுநாள் கதவைச் சாத்தினேன். தட்டிக்கொண்டே இருந்தார்.

மறு தேர்வில் வந்தது நான் பார்த்தே இராத கணக்கு. சரிவில் ஒரு பெட்டி, கயிற்றின் மறுமுனையில் தொங்கும் இன்னொரு பெட்டி. அம்புகளை வரைந்தேன். ஒன்றைத் தப்பாக வரைந்து, நானே கண்டுபிடித்து அழித்தேன். பாஸாகிவிட்டேன்.

முடிவு தெரிந்த அன்று சமையலறைக்குப் போய்ச் சண்டைதான் போட்டேன். "நீ சும்மா சும்மா கூப்பிடாம இருந்திருந்தா நான் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டேன்மா."

அம்மா அடுப்பை அணைத்தார்.

"கூப்பிட்டதெல்லாம் அவசர வேலையா என்னா? போன தடவ பெயிலானப்ப, அந்த நாற்காலியிலதான் நாள் பூரா வாயத் தொறக்காம உக்காந்திருந்த. மறுபடியும் சத்தம் நின்னு போச்சா, எனக்குப் பயமாயிருச்சு. கூப்பிட்டா கோவமாவாச்சும் பதில் சொல்லுவ. அது கேட்டா போதும்னு இருந்துச்சு."

இதை அப்போதே சொல்லியிருந்தால் என்ன என்று முதலில் கோபம்தான் வந்தது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.