பொத்தான் இல்லாத போன்

எங்கள் பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி இருக்கிறது. உள்ளே கட்டம் கட்டமாகத் தடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பர் எழுதியிருக்கும். மிஷின் ஓடும் இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனி விதி. காலையில் வருகிறவர்கள் போனை அந்தக் கட்டத்தில் வைத்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் வந்து எடுத்துப் பேசுவார்கள். மற்ற நேரமெல்லாம் அந்தப் போன்களின் கூச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். தமிழிலும் இந்தியிலும் பாட்டுப் பாடும், சாமி கும்பிடும், குழந்தை சிரிக்கும். பாதி நாள் எனக்குத் தலைவலி.

அந்தக் கூச்சலுக்குள் ஒரு சத்தத்துக்கு மட்டும் என் காது காத்துக்கிடக்கும். நாற்பத்தோராம் கட்டத்தில் இருந்த பொத்தான் போன் அது. காலை பத்து மணி வாக்கில் ஒரே ஒரு ரிங் வந்து நின்றுவிடும். ஓவர்லாக் மிஷினில் தைக்கிற ஒரு அக்காளுடைய போன். அழைப்பது அவருடைய வீட்டுக்காரர். ஒரு ரிங் வந்து நின்றால் கஞ்சி குடித்துவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். நிற்காமல் அடித்தால் ஏதோ ஆபத்து. நான் உடனே மைக்கில் அக்காளைக் கூப்பிட வேண்டும். இது அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு, நடுவில் நான் ஒரு தபால்காரன். பதினோரு மணிக்கு டீ குடிக்க வரும்போது அக்காள் ஜன்னலில் தலையை நீட்டுவார். "வந்துச்சா தம்பி?" என்பார். "வந்துருச்சுங்க்கா" என்பேன். அதற்குப் பிறகுதான் டீயை வாயில் வைப்பார்.

அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரர் இருபது வருடங்களுக்கு மேல் சாயப்பட்டறையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். காரத்திலும் பிளீச்சிலும் கையை விட்டு விட்டு எடுத்த வேலை. பிறகு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். ஊத்துக்குளி ரோட்டில் ஒரு காம்பவுண்டில் வரிசையாக உள்ள வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். பகலில் அந்தக் காம்பவுண்டில் ஒரு ஆள் இருக்காது, எல்லோரும் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அக்காள் காலையில் கஞ்சியையும் தண்ணீரையும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வருவார். அவருடைய பொத்தான் போனில் இரண்டாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் அக்காளுக்கு வந்துவிடும். அவருக்குப் போனைப் பார்க்கக்கூட வேண்டாம், விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்.

ஒருநாள் அந்தப் போன் நிற்காமல் அடித்தது. மைக்கில் கூப்பிட்டேன். அக்காள் கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் ஓடிவந்தார். என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். மனிதர் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, சுவருக்கும் கட்டில் காலுக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தார். இடது கையில் போன் இருந்தது. கட்டை விரல் அப்போதும் இரண்டாம் நம்பர் மேலேயே இருந்தது. நாங்கள் தூக்கி உட்கார வைத்த பிறகுதான் விரலை எடுத்தார். இவ்வளவையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தவன் நான். பார்த்த பிறகும் அந்தத் தப்பைச் செய்தேன் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கம்பெனியில் யார் போன் வாங்குவதாக இருந்தாலும் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். எனக்கும் அதில் ஒரு மிதப்பு. கணியூரில் தோட்டத்தை விட்டுவிட்டு இங்கே வந்து ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கு வேறு எதில்தான் பெருமை? யாருக்கு வாங்குகிறீர்கள், கண் எப்படித் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிப்பாரா, காது கேட்குமா என்று டாக்டர் மாதிரி வரிசையாகக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் இந்தப் போன் என்று சொல்வேன். கையைப் பற்றி ஒரு கேள்விகூட என்னிடம் இருந்ததில்லை. அது கேட்க வேண்டிய கேள்வி என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஒரு தீபாவளி போனஸ் சமயத்தில் அக்காள் ஜன்னலுக்கு வந்து தயங்கி நின்றார். டீ நேரத்தில் மற்ற பெண்கள் எல்லாம் வீடியோவில் ஊரில் இருக்கும் பிள்ளைகளோடு பேசுவதைத் தினமும் பார்க்கிறார் அல்லவா, அவருக்கும் ஒரு ஆசை.

"அவிய மொகத்த மத்தியானம் ஒரு தடவ பாத்துட்டன்னா மிஷின்ல நிம்மதியா உக்காருவேன் தம்பி. ஆனா அவியளுக்கு இந்தப் பெரிய போனு ஒத்து வருமா? பொத்தான் போனுன்னா ரெண்ட அமுக்குனா போதும்லா?"

கேட்க வேண்டிய கேள்வியை அவரே கேட்டுவிட்டார். நான்தான் காதில் வாங்கவில்லை. "அதெல்லாம் சும்மா பயமுங்க்கா. ரெண்டு நாள் பழகுனா விட மாட்டாரு. உங்க போட்டோவயே பெருசா வெச்சுத் தாரேன், அதத் தொட்டாப் போதும், உங்களுக்கு வந்துரும்" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நானே கடைக்குக் கூட்டிப்போனேன். இருவருக்கும் ஒரே மாதிரி இரண்டு போன்கள். பெரிய திரை, நல்ல சத்தம், நாள் முழுக்க நிற்கும் பேட்டரி. கடையில் என் விரலால் தட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் போய் எல்லாவற்றையும் சரிசெய்து அவர் கையில் கொடுத்தேன். அக்காளின் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் தொட்டார். "அமுக்காதீங்கண்ணா, பூ மாதிரித் தொடுங்க" என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் இன்னும் பலமாக அழுத்தினார். நான் அவர் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தேன். மரத்துண்டைப் பிடித்த மாதிரி இருந்தது. நுனித் தோல் காய்ந்து, வெடித்து, பளபளவென்று இறுகிப் போயிருந்தது. அப்படிப்பட்ட தோலை அந்தக் கண்ணாடி விரல் என்றே எடுத்துக்கொள்ளாது. அது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நானோ, மனிதருக்குப் பழக்கம் இல்லை, படிக்காதவர், மெதுவாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன். மடக்கிய விரலின் முட்டியால் தள்ளியபோது ஒரு தடவை வேலை செய்தது. "பாத்தீங்களா, வந்துருச்சு" என்று கை தட்டினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய போனைப் பார்த்தார்.

"அதுவும் கெடக்கட்டுமே தம்பி" என்றார் அக்காள்.

"ரெண்டு எதுக்குங்க்கா? கொழம்பிப் போயிருவாரு. ஒண்ணு இருந்தாத்தான் சீக்கிரம் பழகுவாரு" என்று சொல்லி, பழைய போனின் சிம்மைக் கழற்றிப் புதிய போனில் போட்டுவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, இப்போது நினைத்தாலும்.

அந்தப் போனால் சந்தோஷமே இல்லை என்று சொன்னால் அது பொய். பதினோரு மணிக்கு அக்காள் பெட்டியிலிருந்து போனை எடுத்துக் கூப்பிடுவார். நாலைந்து தடவை கூப்பிட்டால் ஒரு தடவை அவர் முட்டியால் தள்ளி எடுத்துவிடுவார். பாதி நெற்றியும் ஒரு காதும் தெரியும். "கஞ்சி குடிச்சியளா? ஏன் சட்டைல சிந்திருக்கு?" என்று அக்காள் அதட்டுவார். மற்ற பெண்கள் எட்டிப் பார்த்துக் கேலி செய்வார்கள், அக்காளுக்கு வெட்கம் பிடுங்கும். அதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு என்னமோ நானே தாலி எடுத்துக் கொடுத்த மாதிரி நிறைவாக இருக்கும். ஆனால் பத்து மணி ரிங் நின்றுபோனது. எடுக்காத நாட்கள் வாரத்துக்கு மூன்று நான்கு வந்தன. எடுக்கவில்லை என்றால் விரல் சரியில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் பழகிவிட்டோம். பழையபடி இருந்திருந்தால், ஒரு நாள் பத்து மணிக்கு அந்த ரிங் வரவில்லை என்றால் அக்காள் மிஷினில் உட்கார்ந்திருக்கவே மாட்டார்.

அன்றைக்கு ஷிப்மெண்ட் அவசரம், எல்லோருக்கும் ஒன்றரை ஷிப்ட். பதினோரு மணிக்கு அக்காள் ஐந்து தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. "அவிய வெரலு இன்னைக்கும் மக்கர் பண்ணுது" என்று சிரித்துக்கொண்டே போனைக் கட்டத்தில் வைத்தார். நானும் சிரித்தேன். மத்தியானமும் எடுக்கவில்லை. எட்டரை மணிக்கு வேலை முடிந்து அக்காள் வீட்டுக்குப் போனபோது அவர் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். உடம்பு எப்போதோ குளிர்ந்துவிட்டிருந்தது.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அக்காள் வேலைக்கு வந்தார். வீட்டுக்காரருடைய போனை என்னிடம் நீட்டி, "இதுல அவிய படம் ஏதாவது நல்லா இருந்தா எடுத்துத் தாங்க தம்பி. பெருசாப் போட்டு மாட்டணும். எனக்கு இதத் தெறந்து பாக்கத் தெரியல, மனசும் இல்ல" என்றார். சாயங்காலம் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு வாங்கி வைத்தேன். அவர் உள்ளே போன பிறகு திறந்தேன்.

படங்கள் இருந்தன. எல்லாம் அவர் இறந்த அன்றைக்கு எடுத்தவை. முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூரை சீட்டு, அதில் பாதி மின்விசிறி. மறுபடியும் கூரை. கதவின் மேல் பாதி. சிலுவை மாட்டிய சுவர், சாய்ந்தபடி. நேரத்தைப் பார்த்தேன், பத்து ஐம்பத்திரண்டில் தொடங்கியிருந்தது. அந்தப் போனின் விளிம்பில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்றை இரண்டு தடவை அழுத்தினால் கேமரா திறக்கும், மற்றதை அழுத்தினால் படம் விழும். யாரும் கேட்காமலே போனில் வருகிற வசதி. திரை அவர் விரலுக்கு மசியவில்லை. அதனால் தடவித் தடவி, அந்தப் போனில் பொத்தான் என்று எது இருந்ததோ அதைக் கண்டுபிடித்து அழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு அழுத்தலும் அக்காளுக்குப் போகிறது என்று நினைத்திருப்பார்.

பதினோரு மணியிலிருந்து கொஞ்ச நேரத்துக்குப் படம் இல்லை. அப்போதுதான் அக்காள் இங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் அடிக்கும்போது அதே பொத்தானை அழுத்தினால் மணிச் சத்தம் மட்டும் அடங்கும். பிறகு மறுபடியும் படங்கள். ஒன்றில் அவர் முகம், மிக அருகில், வாய் ஒரு பக்கம் கோணி. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் வெறும் கறுப்பு. கேமரா தரையில் பதியும்படி போன் விழுந்துவிட்டிருக்கிறது. கறுப்பாக இருந்தாலும் ஒவ்வொன்றும் அழுத்தினால்தான் விழும். அப்படிப் பத்தொன்பது இருந்தன. கடைசிப் படத்தின் நேரம் பதினொன்று நாற்பது.

சாயங்காலம் அக்காள் வந்தார். போனை வாங்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டார். "அன்னைக்கு எனக்குக் கூப்பிட்டுருக்காவளான்னு பாத்தியளா தம்பி?"

"பாத்தேனுங்க்கா. கூப்புடலீங்க."

"ஒரு தடவகூடவா?"

"இல்லீங்க. தூக்கத்துலயே போயிருப்பாருங்க."

அக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சங்கடப்படாமத்தான் போயிருக்காவ. கர்த்தர் கிருப" என்றார். அந்தப் படங்களை நான் அதற்கு முன்பே அழித்திருந்தேன். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, சட்டமிட்டுக் கொடுத்தேன். அதற்கும் எனக்குத்தான் நன்றி சொன்னார்.

அக்காள் இன்னும் அதே மிஷினில்தான் தைக்கிறார். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அவர் முகத்தைத் தினமும் பார்க்க வைத்தவன் என்று என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்கிறார், போன் வாங்க நினைக்கிறவர்களை என்னிடம் அனுப்புகிறார். போன வாரம் அயர்ன் செக்‌ஷனிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய மாமனாருக்கு ஒரு போன் வேண்டுமாம். விசைத்தறி ஓட்டியவர், இப்போது வீட்டில் தனியாக இருக்கிறார்.

"அவரு கையப் பாத்துருக்கீங்களா?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "பொத்தான் போனே போதுமுங்க" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அந்த அக்கா ஊட்டுக்காரருக்கு மட்டும் பெரிய போனா வாங்கிக் குடுத்தீங்க. எங்க மாமனாருன்னா எளக்காரமுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.