இரண்டு விரல் கூடுதலாய் ஓர் உறை

"...அதான் சொல்றேன், கிழக்கால பக்கமா இன்னும் ரெண்டு விரல் உட்டுத் தெச்சா இன்னா கொறஞ்சி பூடப் போவுது?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் குத்தூசி, மடியில் ஒரு துண்டுத் தோல். தோலுக்கும் கிழக்கு மேற்கு உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்கு ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை. தோலைப் பதம் போட ஆவாரம்பட்டை வேண்டும், அதுவும் வண்டி வண்டியாக வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் பட்டைக்குப் பேசி முடிக்கிற ஆள் வேலையை விட்டு நின்றுவிட, முதலாளி அதை அப்பா தலையில் வைத்தார். கூடவே ஒரு சைக்கிளையும், தாலுகா கச்சேரியில் வாங்கிய தேசப்படம் ஒன்றையும் கொடுத்தார். படம் மேல்துண்டு அகலம் இருக்கும். வழி பிரிகிற இடத்திலெல்லாம் இறங்கி, அதை விரித்து, காற்றோடு மல்லுக்கட்டி, பழையபடி மடிக்கத் தெரியாமல் மடித்து, முதல் வாரமே அப்பாவுக்கு அலுத்துப்போயிற்று. ஹாண்டில் பாரிலேயே மாட்டிவிட்டால் ஏறி உட்கார்ந்தபடி பார்க்கலாம் என்று முடிவு செய்தார்.

எதில் வைத்து மாட்டுவது? முதலில் என் உடைந்த சிலேட்டின் மரச்சட்டம் போயிற்று. கல் ரோட்டில் அது போட்ட சத்தத்துக்கு வழியெல்லாம் நாய் துரத்தியதாம். அடுத்தது பிஸ்கட் டப்பாவின் தகர மூடி. வெயில் பட்டு அது மின்னிய மின்னலில் எதிரே வந்த மாடு மிரண்டு, வண்டிக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார் அப்பா. கடைசியில் பஜாரில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிற பாய்தான், "தோல் ஷாப்புல வேலய வெச்சிக்கினு தகரத்தத் தேடிக்கினு இருக்கியே தோஸ்து" என்று சிரித்தார்.

அப்படித்தான், நாலு ஓரமும் மடித்துத் தைத்து நடுவில் படம் தெரிகிற மாதிரி ஒரு தோல் உறை செய்கிற வேலை அம்மாவிடம் வந்தது. அவள் பிறந்த வீடு, கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற சாலுக்கு, சொட்டு ஒழுகாமல் தோல்பை தைக்கிற வீடு. குத்தூசி பிடிப்பதில் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேரணாம்பட்டுப் பக்கத்துப் பட்டை ஊர்கள் மட்டும் மேலே தெரிகிற மாதிரி படத்தை மடித்து, அந்த அளவுக்குத் தோலில் கரிக்கோடு போட்டுக் கொடுத்திருந்தார் அப்பா. அம்மா கோட்டைப் பார்க்கவில்லை. படத்தைப் பிரித்து என் முன்னால் போட்டு, "எங்க ஊரு எங்க இருக்குது பாரு" என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. படத்தில் அச்சடித்ததெல்லாம் இங்கிலீஷ்; ஆனால் வேண்டிய ஊர்களுக்குப் பக்கத்தில் அப்பா பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார். நான் விரலை வைத்து ஊர்ந்துகொண்டே போனேன். பாலாற்றுக்கு நீல மை பூசியிருந்தார்கள். நான் பார்த்த பாலாற்றில் மணல்தான் உண்டு, நீலம் எதற்கு என்று கேட்டேன். "மொதல்ல ஊரத் தேடு" என்றாள். ஒடுகத்தூருக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில் அது இருந்தது. பட்டையே வாங்காத அந்த ஊருக்கும் அப்பா பென்சிலால் பெயர் எழுதியிருந்தார். அப்பா மடித்த மடிப்பிலிருந்து கிழக்கே சரியாக இரண்டு விரல் தள்ளி இருந்தது.

அம்மா பிறந்த அந்த ஊருக்கு நாங்கள் போவதில்லை. காரணம் என் காது. எனக்குக் காது குத்திய அன்று தாய்மாமா வந்துசேர நேரமாகிவிட்டதாம். நல்ல நேரம் தவறுகிறதென்று அப்பா என்னைத் தன் பங்காளி ஒருவர் மடியில் உட்காரவைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். மாமா தட்டும் பழமுமாக வாசலுக்கு வந்தபோது இரண்டு காதும் குத்தி முடிந்து, நான் அழுதும் முடித்திருந்தேனாம். மாமா தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். ஆறு வருஷமாக அங்கிருந்தும் யாரும் வரவில்லை, இங்கிருந்தும் யாரும் போகவில்லை. அம்மா அதைப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அந்தப் பக்கம் பட்டையே கெடையாதே" என்றார் அப்பா.

"பட்டை இல்லன்னா படத்துல ஊரு இருக்கக் கூடாதா?"

"அகலம் ஜாஸ்தியானா பெல்லுல இடிக்கும்."

அம்மா குத்தூசியைத் தோலில் இறக்கினாள். இரண்டு விரல் கூட விட்டே தைத்து முடித்தாள்.

பாய் கடையில் மாட்டும்போது நானும் கூடப் போயிருந்தேன். உறை நிஜமாகவே பெல்லில் இடித்தது. "ரெண்டு விரல் வெட்டி எடுத்துட்டா ஒரு பேஜாரும் இல்ல" என்று பாய் கத்தியை எடுத்தார். அப்பா உறையின் கிழக்கு ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "வாணாம் பாய். பெல்லக் கழட்டு" என்றார். வலது பக்கத்துப் பெல் இடது பக்கத்துக்குப் போயிற்று. அதற்கப்புறம் வெகுநாள் வரைக்கும், குறுக்கே ஆள் வந்தால் அப்பாவின் வலது கட்டைவிரல் வெறும் கம்பியைத்தான் அழுத்தும். வாய்தான் பெல் அடிக்கும்.

சைக்கிள் வீட்டில் நிற்கிற நேரமெல்லாம் நான் அந்த உறையோடுதான் இருப்பேன். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் குறுக்கு வழி என்று பார்த்துக்கொண்டே, கிழக்கு ஓரத்துத் தையல் நூலை நகத்தால் நெருடிக்கொண்டிருப்பேன். நாளுக்கு ஒரு தையலாகப் பிரிந்துகொண்டு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சோற்றுக்கு வரவேண்டிய அப்பா வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். அம்மா சோறு போட எழுந்தாள். "பசிக்கல" என்றார். அம்மா அவரைப் பார்த்தாள், பிறகு சைக்கிளைப் பார்த்தாள். உறையின் கிழக்கு ஓரம் முழுக்கப் புதிதாகத் தைத்திருந்தது. மற்ற ஓரங்களில் அம்மாவின் ஒற்றை நூல். இதில் இரட்டை நூல், மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு, மேலே கொழுப்புத் தடவி இழைத்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகாது. காகிதம் வைக்கிற உறைக்கு யாரும் அப்படித் தைக்கமாட்டார்கள்.

"இது இன்னா?" என்றாள் அம்மா.

"வழியில பிரிஞ்சி பூட்ச்சி. தெச்சிக் குடுத்தாங்க."

"யாரு?"

அப்பா கால் கழுவிக்கொண்டே, "தைக்கத் தெரிஞ்சவங்கதான்" என்றார்.

அம்மா முடிச்சு முடிச்சாக அந்தத் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் நகம் செய்த வேலை பிடிபட்டுவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "இங்க வாடி" என்று கூப்பிட்டபோது, திருகத்தான் போகிறாள் என்று இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டே போய் நின்றேன்.

அம்மா என் கைகளை விலக்கினாள். வலது காதின் கம்மலைக் கழற்றி, முந்தானை நுனியால் அந்தத் துளையைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, கம்மலைத் திரும்பப் போட்டாள். வெள்ளிக்கிழமைதானே எண்ணெய் வைப்பாள், இன்று எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, என் முகத்தை மெல்லத் திருப்பி அடுத்த காதையும் எடுத்துக்கொண்டாள்.