மெம்பர் மாயாண்டியின் ஜின்ஃபண்டெல்

கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டுப் பள்ளி வேனை நிறுத்தியதும், மாயாண்டி வீட்டு முகப்பில் உட்கார்ந்து காம்பு வைத்த கிளாஸைச் சுழற்றத் தொடங்குவார். முகர்வார். மலேசியாவின் ஈப்போ நகரத்துச் சுண்ணாம்பு மலைகளை ஒருமுறை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஒரு வாய். கிளாஸில் இருப்பது ரோஸ் சிரப். ஒரு வாரமாக ஒத்திகை நடக்கிறது.

கலிபோர்னியாவில் இருக்கும் அக்காள் மகன் தனேஸ்வரன், அங்குள்ள ஓர் ஒயின் ஆலையில் மாமாவை மெம்பராகச் சேர்த்துவிட்டான். கொஞ்சமாகச் செய்து, மெம்பர்களுக்கு மட்டுமே கொடுக்கும் ஜின்ஃபண்டெல் என்ற சிவப்பு ஒயின், இரண்டு போத்தல், அவனோடு விமானமேறி வருகிறது. சேதி வந்த நாளிலிருந்து மாயாண்டி வேன் ஹாரனைக்கூட அளந்துதான் அடிக்கிறார்.

காரணம் உண்டு. அவர் பிறந்த ரப்பர் தோட்டம் கோலா கங்சார் பக்கம். அங்கே துரைமார் கிளப்பில் ‘மெம்பர்களுக்கு மட்டும்’ என்று பலகை தொங்கும். ரப்பர் பால்வாளி தூக்கிய வயதில், உள்ளே துரை கண்ணை மூடிக் குடிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தவர் இவர். அந்தக் கிளாஸில் இருந்தது என்ன? ஐம்பது வருஷமாக நாக்கு கனவு கண்டுகொண்டே இருக்கிறது: தேன், மழை வாசம், கொஞ்சம் மின்னல்.

தனேஸ்வரன் வந்தான். “கெழட்டுக் கொடியில காய்ச்ச பழம் மாமா. அதான் விசேஷம்.”

“பால்மரம் கெழடானா வெட்டித் தள்ளிட்டு புதுசுலா நடுவாங்க,” என்றார் மாயாண்டியின் மனைவி மங்களம்.

“நீ சும்மா இரு. இது மெம்பருங்க சமாச்சாரம்.”

முதல் மடக்கு. நாவல்பழ ஜாம். பின்னாலேயே மிளகு. தொண்டையில் சின்னதாக ஒரு சூடு. மாயாண்டி காத்திருந்தார். மின்னல் வரவில்லை. இரண்டாவது போத்தலைத் திறந்தார்கள். அதே ஜாம், மிளகு மட்டும் ஒரு பிடி கூடுதல். நல்ல சரக்குதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஐம்பது வருஷத்துக்குக் காணாது.

மங்களமும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. இதுக்கா ஒரு வாரமா என் சிரப்ப காலி பண்ணீங்க?”

அடுத்த வீட்டுச் சின்னையா, செடிக்குப் பிடித்த தண்ணீர் தன் செருப்பில் கொட்டுவது தெரியாமல், வேலியோரம் நின்றிருந்தார்.

“எப்படிண்ணே இருக்கு? குடுக்க வேணாம்லா. சொல்லுங்க, போதும்.”

மாயாண்டி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணில் மழைக்கு முந்தின வெளிச்சம்.

மாயாண்டி கிளாஸை ஒருமுறை சுழற்றினார், முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு மடக்கு குடித்தார். பிறகு போத்தலை எடுத்து, லேபிள் வேலிப்பக்கம் தெரியும்படி மெல்லத் திருப்பி வைத்தார்.